மீந்துபோன கார் ஆயிலை ஸ்ப்ளெண்டரில் ஊற்றிவிட்டேன், இன்ஜின் போய்விட்டதா?

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் கொஞ்சம் நீளம், அதனால் சுருக்கித் தருகிறேன்.

"வணக்கம் அண்ணா. வீட்டில் 2016 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட், ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் பிளஸ், மனைவி ஓட்டும் ஆக்டிவா என்று மூன்று வண்டி. போன மாதம் ஸ்விஃப்ட்டுக்கு நானே ஆயில் மாற்றினேன். 5டபிள்யூ-30, ஃபுல் சிந்தெடிக், நான்கு லிட்டர் டப்பா. காருக்கு மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் பிடித்தது. மீதியை ஏன் வீணாக்க வேண்டும் என்று ஸ்ப்ளெண்டரின் பழைய ஆயிலை இறக்கிவிட்டு அதில் ஊற்றிவிட்டேன். விலை ஜாஸ்தியான ஆயில், பைக்குக்கு இன்னும் நல்லதுதானே என்று நினைத்தேன். முதல் வாரம் வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. அப்புறம் ஒருநாள் மனைவியை உட்காரவைத்து சென்னிமலை ஏறினால், ஆக்சிலேட்டரைத் திருகத் திருக இன்ஜின் கத்துகிறது, வண்டி மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. இன்ஜின் போய்விட்டதா? மெக்கானிக்கிடம் கேட்டால், 'இந்தத் தண்ணி மாதிரி ஆயிலெல்லாம் நம்ம வெயிலுக்கு ஆகாது, காருக்கும் பைக்குக்கும் 20டபிள்யூ-50 ஊத்து' என்கிறார். ஆக்டிவாவுக்கும் ஸ்ப்ளெண்டருக்கும் ஒரே ஆயில் வாங்கலாமா? என் மச்சான் 2017 கிளாசிக் 350 புல்லட்டுக்கு லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 ஊற்றுகிறார், அது சரியா? அப்புறம், புது ஆயில் ஊற்றி ஆயிரம் கிலோமீட்டருக்குள் கறுத்துப்போகிறதே, அது ஏன்?"

தம்பி, இன்ஜின் போகவில்லை. நீங்கள் எழுதியிருக்கிற அடையாளத்தை வைத்துப் பார்த்தால் கிளட்ச்தான் வழுக்குகிறது. இன்ஜின் சுற்றுகிறது, அந்தச் சுற்று பின்சக்கரம் வரை போய்ச் சேரவில்லை. ஆனால் இதே நிலையில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறிக்கொண்டே இருந்தீர்கள் என்றால் கிளட்ச் பிளேட் கருகிவிடும், பிறகு ஆயிலோடு போகிற செலவு பிளேட்டு செலவாகிவிடும். அதனால் ஆயிலை மாற்றுகிற வரைக்கும் வண்டியை மலைப்பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்தால் மற்ற கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும். காரில் இன்ஜின் ஆயிலுக்கு இன்ஜினை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். கியர் பெட்டிக்குத் தனி ஆயில், கிளட்ச் வெளியே காய்ந்த நிலையில் இருக்கும். ஸ்ப்ளெண்டரில் அப்படி இல்லை. பிஸ்டன், வால்வுகளைத் திறக்கிற கேம், கியர் சக்கரங்கள், கிளட்ச் எல்லாம் ஒரே ஆயிலில்தான் கிடக்கின்றன. கிளட்ச்சில் உராய்வுப் பட்டை ஒட்டிய பிளேட்டும் இரும்பு பிளேட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும், ஸ்பிரிங் அவற்றை அழுத்திப் பிடித்திருக்கும். ஆயிலில் நனைந்தபடியே ஒன்றை ஒன்று கவ்வ வேண்டும். அதாவது பைக் ஆயில் பிஸ்டனிடம் வழுக்கலாக இருக்க வேண்டும், கிளட்ச் பிளேட்டிடம் அதிகம் வழுக்கக் கூடாது. கார் ஆயில் தயாரிக்கிறவருக்கு இந்தக் கவலையே கிடையாது. அவருக்கு மைலேஜ்தான் முக்கியம், அதனால் உராய்வைக் குறைக்கிற ரசாயனங்களை, மாலிப்டினம் சேர்ந்தவை உட்பட, தாராளமாகச் சேர்ப்பார். அந்த ரசாயனம் பிளேட்டில் படிந்தால் கவ்வு போய்விடும். முதல் வாரம் வண்டி நைசாக ஓடியது என்கிறீர்களே, அதுவும் அப்புறம் மேடு ஏறாததும் ஒரே காரணத்தால்தான்.

இங்கே பலர் ஒரு விஷயத்தைத் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள், உங்கள் மெக்கானிக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்: ஆயில் தண்ணியாக இருந்ததால் வழுக்கியது என்று. ஸ்ப்ளெண்டருக்குக் கம்பெனி சொல்வது 10டபிள்யூ-30. நீங்கள் ஊற்றியது 5டபிள்யூ-30. சூடான இன்ஜினில் இரண்டுமே 30தான், கெட்டித்தன்மை கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் டப்பாவின் பின்பக்கம் இருக்கிறது. அந்தக் கார் ஆயில் டப்பாவைத் தூக்கிப் போடவில்லை என்றால் எடுத்துப் பாருங்கள். வட்டமாக ஒரு முத்திரை இருக்கும், மேல்பாதியில் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) சர்வீஸ் எஸ்என் என்றோ எஸ்பி என்றோ தர எழுத்து, நடுவில் எஸ்ஏஇ 5டபிள்யூ-30 என்று கெட்டித்தன்மை எண். கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று இருந்தால் அது உராய்வைக் குறைத்து பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற ஆயில். 2010-க்கு முந்தைய பழைய டப்பாக்களில் 'எனர்ஜி கன்சர்விங்' என்று போட்டிருப்பார்கள். நனைந்த கிளட்ச் இருக்கிற எந்த பைக்குக்கும் அது ஆகாது, விலை எவ்வளவாக இருந்தாலும்.

பைக்குக்கு வாங்கும்போது தேட வேண்டியது ஜாசோ என்ற பெயர். ஜப்பான்காரர்களின் வாகனத் தர அமைப்பு அது. கார் ஆயில்களில் மைலேஜுக்காக உராய்வுக் குறைப்பான் சேர்க்கத் தொடங்கியதும் பைக்குகளில் கிளட்ச் வழுக்கும் பிரச்சினை வந்தது, அதற்காகவே 1998-இல் டி 903 என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் எம்ஏ என்றால் நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்றது, எம்ஏ2 என்றால் கவ்வு இன்னும் அதிகம். எம்பி என்றால் உராய்வு குறைவு, கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு. உங்களுக்கு இந்த மூன்று எழுத்துச் சேர்க்கை போதும்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். ஆயிலை மாற்றும் முன் கிளட்ச் வயரைப் பாருங்கள். பழைய வண்டியில் வயர் இறுகிக் கிடந்தாலும் இதே மாதிரி வழுக்கும், பழி ஆயில் மேல் விழும். ஹேண்டில்பாரில் கிளட்ச் லீவரைப் பிடித்து மெதுவாக இழுத்தால், நுனியில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும், அதற்கப்புறம்தான் இறுக்கம் தெரிய வேண்டும். ஆட்டமே இல்லை என்றால் முதலில் அதைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிறகு காலியான, சமதளமான சாலையில் டாப் கியரில் நாற்பதில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுவதும் திருகுங்கள். சத்தம் குபீரென்று ஏறி, வேகம் பின்னாலேயே மெதுவாக வந்தால் வழுக்கல் உறுதி.

வயர் சரியாகத்தான் இருக்கிறது என்றால் ஆயிலை இறக்குங்கள். வண்டி கொஞ்சம் ஓடி இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்கினால் அடியில் படிந்ததும் சேர்ந்து வரும். டிரெய்ன் போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது கையாலேயே நாலைந்து சுற்று சுற்றிவிட்டுப் பிறகு ஸ்பேனரைப் போடுங்கள், அலுமினிய கிராங்க் கேஸ், கோணலாகப் பிடித்து முறுக்கினால் மரை போய்விடும். வாஷரும் நசுங்கியிருந்தால் புதுசு போடுங்கள், பத்து இருபது ரூபாய்தான்.

ஸ்ப்ளெண்டரில் காரைப் போலத் தாள் ஃபில்டர் கிடையாது. ஒரு வலைச் சல்லடையும், கிளட்ச் இருக்கிற வலதுபக்க மூடிக்குள் கிராங்க்கோடு சேர்ந்து சுற்றுகிற ஒரு ரோட்டர் கிண்ணமும்தான் ஆயிலைச் சுத்தம் செய்கின்றன. சுற்றுகிற வேகத்தில் அழுக்கு கிண்ணத்தின் உட்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். பழைய வண்டிகளில் அந்த மூடியைக் கழற்றிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் களிமண் மாதிரி ஒரு பற்று இருக்கும், ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால்தான் வரும். ஆயில் சர்வீஸ் என்று சொல்லி நட்டைக் கழற்றி ஊற்றி மூடுகிற இடங்களில் இதை யாரும் தொடுவதில்லை. கேட்டால் கேஸ்கெட் கிழியும், நேரம் ஆகும் என்பார்கள். கிழிந்தால் புது கேஸ்கெட் போட வேண்டியதுதான். உங்கள் வண்டியில் அதை எப்போது கழற்றினார்கள் என்று நினைவில்லை என்றால், இந்த முறை கட்டாயம் கழற்றச் சொல்லுங்கள். மூடி கழன்று இருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் வெளியே எடுத்துப் பார்த்துவிடலாம்.

அப்புறம் 10டபிள்யூ-30, ஜாசோ எம்ஏ போட்ட ஆயிலை ஊற்றுங்கள். 900 மில்லி டப்பா என்பதால் முழுவதையும் கவிழ்த்துவிடாதீர்கள். பழையதை இறக்கிவிட்டு ஊற்றும்போது அதைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும், ஏனென்றால் இடுக்குகளில் பழையது கொஞ்சம் எப்போதும் தங்கிவிடும். முக்கால் லிட்டர் ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் கழித்து, மெயின் ஸ்டாண்டில் சமதளத்தில் வைத்து அளவு பாருங்கள். டிப் ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மரையில் திருகாமல் சும்மா உள்ளே உட்காரவைத்து எடுக்க வேண்டும். திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், நீங்களும் குறைவாக ஊற்றிவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள். மேல்கோட்டுக்கு மேல் போகவும் கூடாது. அதிகமானால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், பாதி ஏர் ஃபில்டருக்குள் போய்ச் சேரும்.

தங்கியிருக்கிற பழைய ஆயில் என்றேனே, அதில் அந்தக் கார் ரசாயனமும் இருக்கும், பிளேட்டின் பட்டையிலும் ஊறியிருக்கும். அதனால் முதல் மாற்றத்திலேயே முழுசாகச் சரியாகவில்லை என்றால் பதற வேண்டாம். ஐந்நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு இன்னொரு முறை அதே ஆயிலை மாற்றுங்கள். சில வாரம்தான் ஓடியிருக்கிறது என்பதால் பெரும்பாலும் கவ்வு திரும்பிவிடும். அப்படியும் திரும்பவில்லை என்றால் பிளேட் ஏற்கெனவே தேய்ந்திருந்தது, கார் ஆயில் அதை வெளியே காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். பிளேட்டைக் கழற்றி பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, மூடியைக் கழற்றுகிற கூலியும் கேஸ்கெட் காசும் கொடுத்த பிறகு பழைய பிளேட்டையே மாட்டுவது கஞ்சத்தனம்.

ஸ்ப்ளெண்டருக்கு சிந்தெடிக் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடைக்காரர் கேட்பார். வேண்டாம். நூறு சிசி வண்டி, எட்டாயிரம் சுற்று தாண்டாத இன்ஜின், கம்பெனி சொன்ன மினரல் ஆயிலே அதற்குப் போதும். அதுவும் பைக்கில் கியர் சக்கரங்களின் பற்கள் ஆயிலில் இருக்கிற நீளமான பாலிமர்களை நறுக்கிக்கொண்டே இருக்கும். சூட்டிலும் ஆயில் கெட்டியாக இருப்பதற்காகச் சேர்ப்பது அந்தப் பாலிமர்களைத்தான், அதனால் பைக் ஆயில் கார் ஆயிலைவிடச் சீக்கிரம் இளகிவிடும். மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கி ஐயாயிரம் ஓட்டுவதைவிட, சாதாரண ஆயிலை வாங்கி மூவாயிரத்தில் மாற்றுவதுதான் என் கணக்கு. அதிவேகமாகச் சுற்றும் டியூக், ஆர்15 மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அங்கே சிந்தெடிக்குக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது.

இப்போது உங்கள் மெக்கானிக்கின் 20டபிள்யூ-50. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அம்பாசடர், பத்மினி கார்களின் காலத்தில் தொழில் கற்றவர்களிடம் கற்றவர் என்றால் அப்படித்தான் சொல்வார். அந்த இன்ஜின்களில் இடைவெளிகள் அகலம், கெட்டியான ஆயில் சரிதான். ஸ்விஃப்ட் இன்ஜின் அப்படிச் செய்ததல்ல. வெயில் விஷயத்தையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் ஊரில் வெளியே 40 டிகிரி அடித்தாலும், மார்கழி அதிகாலையில் 20 டிகிரி இருந்தாலும், ஸ்விஃப்ட்டின் தண்ணீர்ச் சூடு 90 டிகிரி பக்கத்திலேயே நிற்கிறது. அதற்குத்தான் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் இருக்கின்றன. ஆகவே தண்ணீரால் குளிரும் கார் இன்ஜினில், உள்ளே இருக்கிற ஆயிலுக்கு ஊர் வெயில் அவ்வளவாகத் தெரியாது.

எண்களையும் சொல்லிவிடுகிறேன். முதல் எண்ணும் டபிள்யூவும் குளிரில் இன்ஜின் சுழன்று கிளம்புமா என்பதற்கு. 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில் சோதிக்கிறார்கள், 10டபிள்யூவை மைனஸ் 25-இல், 5டபிள்யூவை மைனஸ் 30-இல். ஊட்டியில் தை மாதம் பூஜ்யத்தைத் தொட்டாலே நமக்குச் செய்தி. அதனால் நம் ஊரில் எந்த டபிள்யூவாக இருந்தாலும் வண்டி கிளம்பும். இரண்டாவது எண் 100 டிகிரியில் கெட்டித்தன்மை. கெட்டித்தன்மையை சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. இன்ஜினை வடிவமைத்தவர் ஆயில் பம்பு, பேரிங் இடைவெளி, குழாய்த் துளை எல்லாவற்றையும் இந்த எண்ணை வைத்துத்தான் போட்டிருக்கிறார். உங்கள் ஸ்விஃப்ட்டில் வால்வு நேரத்தை மாற்றுகிற விவிடி அமைப்பும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது, அதன் பாதைகள் மெல்லியவை.

அதைவிட முக்கியம் காலையில் சாவியைத் திருப்புகிற நேரம். 40 டிகிரியில் 20டபிள்யூ-50 ஆயில் 5டபிள்யூ-30-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. இரவெல்லாம் அடியில் இறங்கிக் கிடந்த ஆயில் தலைப்பக்கம் கேம் வரைக்கும் ஏறுகிற அந்தச் சில விநாடிகளில் தேய்மானம் அதிகம், கெட்டி ஆயில் அங்கே தாமதமாகத்தான் போய்ச் சேரும். மைலேஜும் குறையும், அது தனிக் கதை.

எப்போது கெட்டியாகப் போகலாம் என்றால், ஆயில் குடிக்கிற பழைய இன்ஜினில். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல், ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்திருக்கிறது. அப்படி இருந்தால் மேனுவலில் இருக்கிற அட்டவணைக்குள் ஒரு படி மேலே போகலாம், 30-இலிருந்து 40-க்கு. ஹெட் வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், குணமாகாது. உங்கள் கார் ஆயில் குடிப்பதாக நீங்கள் எழுதவில்லை, ஆகவே 5டபிள்யூ-30-லேயே இருங்கள். எஸ்என், எஸ்பி எழுத்துகளைப் பொறுத்தவரை, பின்னால் வருகிற எழுத்து முன்னதன் வேலையையும் செய்யும். எஸ்என் 2010-இல் வந்தது, எஸ்பி 2020-இல். மேனுவலில் எஸ்எம் என்று இருந்தால் எஸ்பி தாராளமாக ஊற்றலாம். டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் மட்டும் எஸ்பிக்குக் கீழே வாங்க வேண்டாம், குறைந்த சுற்றில் அழுத்திக் கொடுக்கும்போது எரிபொருள் முன்கூட்டியே வெடித்து பிஸ்டன் உடைகிற பிரச்சினைக்குப் பாதுகாப்பு அதில் தெளிவாக இருக்கிறது.

ஆக்டிவாவுக்கு வருவோம். ஸ்கூட்டரில் கிளட்ச் பெல்ட் பெட்டிக்குள் காய்ந்த நிலையில் இருக்கிறது, ஆயில் அதைத் தொடுவதே இல்லை. அதனால்தான் ஹோண்டா 10டபிள்யூ-30 எம்பி சொல்கிறது. ஸ்ப்ளெண்டருக்கு வாங்கிய எம்ஏ ஆயிலை ஆக்டிவாவில் ஊற்றினால் ஒன்றும் கெடாது, மைலேஜ் கொஞ்சம் குறையலாம். ஆக்டிவாவின் எம்பி ஆயிலை ஸ்ப்ளெண்டரில் ஊற்றினால் மறுபடியும் சென்னிமலைக் கதைதான். இரண்டுக்கும் ஒன்றே வாங்கியாக வேண்டும் என்றால் எம்ஏவை வாங்குங்கள். ஆனால் தனித்தனியாக வாங்குவதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. இன்னொன்று, ஆக்டிவாவின் பின்சக்கரத்துப் பக்கம் கியர் ஆயில் என்று கொஞ்சூண்டு தனியாக இருக்கிறது. அதை வருஷக்கணக்கில் மறந்துவிடுவார்கள், ஒருநாள் பின்னாலிருந்து உய்யென்று சத்தம் வரும்போதுதான் நினைவு வரும்.

மச்சானின் புல்லட் விஷயத்தில் எனக்கு முழு எதிர்ப்பு இல்லை. லாரி ஆயில்களில் கார் ஆயில் மாதிரி உராய்வுக் குறைப்பான் பொதுவாக இருக்காது, அதனால் கிளட்ச் வழுக்காது, சில டப்பாக்களில் ஜாசோ எம்ஏ என்றே போட்டிருப்பார்கள். அதனால்தான் அவருக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவருடைய கிளாசிக் 350-க்கு ராயல் என்ஃபீல்டு சொல்வது 15டபிள்யூ-50, எம்ஏ2. காரைப் பற்றி மேலே சொன்னது இங்கே அப்படியே தலைகீழாகிறது: காற்றால் குளிரும் இன்ஜின், தெர்மோஸ்டாட் கிடையாது, சித்திரை வெயிலில் ஊருக்குள் சிக்னல் சிக்னலாக நின்று போனால் ஆயில் சூடு ஏறிக்கொண்டே போகும், வெளியே அடிக்கிற வெயில் நேராக உள்ளே தெரியும். அங்கே 50 தேவைப்படுகிறது. அந்த இன்ஜினில் வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தாலேயே சரிசெய்துகொள்கிற ஹைட்ராலிக் டாப்பெட் வேறு, அதற்கு ஆயில் அழுத்தமும் சுத்தமும் முக்கியம். சூட்டில் டக்டக் சத்தம் கூடுகிறது என்று அவர் எப்போதாவது சொல்லியிருந்தால், முதலில் ஆயிலை மாற்றச் சொல்லுங்கள். லாரிக்கு வாங்கி மீந்ததை ஊற்றுகிறார் என்றால், அவரும் உங்களைப் போலத்தான்.

கறுப்பு ஆயில் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆயிலில் கழுவுகிற ரசாயனம் இருக்கிறது, உள்ளே படிந்த கரியைக் கரைத்துத் தன்னோடு எடுத்துக்கொள்வதுதான் அதன் வேலை. கறுக்கிறது என்றால் அது வேலை செய்கிறது. டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றி அன்றைக்கே கறுத்துவிடும். பயப்பட வேண்டியது வேறு நிறங்களுக்கு. டிப் ஸ்டிக்கில் காபி நிறத்தில் பாலாடை மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, காரில் அது ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம், ஓட்டாமல் காட்டுங்கள். மழைக்காலத்தில் பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வருகிற வண்டியில் ஆயில் மூடியின் உள்பக்கம் மட்டும் லேசாக அப்படித் தெரிவது வெறும் ஈரம், ஒருநாள் நீளமாக ஓட்டினால் போய்விடும். ஆயிலில் பெட்ரோல் வாசம் அடித்து, அளவும் கூடியிருந்தால் அதுவும் காட்ட வேண்டியதே.

எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுவது என்பதற்கு உங்கள் மேனுவல்தான் கணக்கு. ஸ்விஃப்ட்டுக்குப் பத்தாயிரம் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது. இந்த 'ஒரு வருஷம்' என்பதைப் பலர் படிப்பதே இல்லை, கார் வருஷத்துக்கு மூவாயிரம்தான் ஓடியது என்று மூன்று வருஷம் ஒரே ஆயிலில் ஓட்டிக்கொண்டு வருவார்கள். இடையில் ஸ்ப்ளெண்டரில் ஆயில் குறைந்தால், வேறு கம்பெனி எம்ஏ ஆயிலைச் சேர்த்தாலும் பரவாயில்லை, ஒன்றோடொன்று கலக்கும்படிதான் செய்திருப்பார்கள். ஆயில் குறைவாக ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

எங்கே வாங்குவது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சரியான எண்ணைப் பார்த்து வாங்கி உள்ளே இருப்பது போலி என்றால் இவ்வளவு பேசியதும் வீண். பெட்ரோல் பங்க், கம்பெனி சர்வீஸ் சென்டர், அல்லது பல வருஷமாகத் தெரிந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை. செர்வோ, மேக், எச்பி ஆகியவை அரசு எண்ணெய் நிறுவனங்களுடையவை, அந்தந்த நிறுவன பங்கிலேயே கிடைக்கும், பெயர் பெரிதாக இல்லை என்று ஒதுக்க வேண்டாம். டிரம்மிலிருந்து அளந்து ஊற்றுகிற லூஸ் ஆயிலில் எம்ஏ இருக்கிறதா எம்பி இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஒர்க்‌ஷாப்பில் மாற்றினால் உங்கள் கண் முன்னால் சீலை உடைக்கச் சொல்லுங்கள், ஊற்றி முடித்ததும் காலி டப்பாவைக் கத்தியால் குத்திக் கிழித்துவிடச் சொல்லுங்கள். முழுசாக இருக்கிற காலி டப்பாவுக்குப் பழைய சாமான் கடையில் நல்ல விலை கிடைக்கிறது என்றால் அது எதற்கு என்று யோசித்துக்கொள்ளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

டீசல் கார் வைத்திருக்கிற மற்ற வாசகர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் என்றால் புகைக்குழாயில் கரி பிடிக்கிற டிபிஎஃப் இருக்கும், அதற்குச் சாம்பல் குறைவான ஆயில் வேண்டும், ஐரோப்பிய கார் நிறுவனங்களின் தரமான ஏசிஇஏவில் சி2, சி3 என்று மேனுவலில் எது இருக்கிறதோ அது. பழைய டீசல் ஆயிலை ஊற்றினால் அந்தச் சாம்பல் டிபிஎஃப்பில் தங்கிவிடும், அதை எரித்துப் போக்க முடியாது, மாற்றுகிற செலவைக் கேட்டால் தலை சுற்றும்.

அடுத்த முறை ஸ்விஃப்ட்டுக்கு வாங்கும்போது மூன்றரை லிட்டர் டப்பா கிடைக்கிறதா என்று பாருங்கள். நான்கு லிட்டர்தான் இருக்கிறது என்றால் மீதியை மூடி இறுக்கி, தேதி எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அதே காருக்கு டாப்-அப் செய்ய உதவும். இறக்கிய ஆயிலைச் சாக்கடையிலோ கிணற்றுப் பக்கமோ கொட்டாமல் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள், பழைய ஆயில் எடுக்கிறவர்கள் அங்கே வருவார்கள். ஸ்ப்ளெண்டரில் ஒருவேளை பிளேட் மாற்ற வேண்டி வந்தால், ஸ்பிரிங்குகளையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து உயரம் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று குட்டையாக இருந்தாலும் எல்லாவற்றையும் செட்டாகவே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் புது பிளேட்டும் சீக்கிரம் வழுக்கும். புது பிளேட்டை மாட்டும் முன் எம்ஏ ஆயிலில் ஊறவைக்கிறாரா என்பதையும் கூடவே நின்று பாருங்கள்.